கூப்பிட்ட குரலுக்கு

அம்பாசமுத்திரம்,
ஆனி மாதம், ஞாயிறு காலை.

அன்புள்ள ராசாத்திக்கு,

தாத்தா நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை கிடைத்ததால் சிரமம் ஒன்றும் இல்லை. உங்கம்மா கட்டிக் கொடுத்த பொடி தடவிய இட்லி விழுப்புரம் வருவதற்குள்ளேயே தீர்ந்துவிட்டது என்று அவளிடம் சொல். காலையில் திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டும்போதே மலை முழுக்க மேகம். இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. நீ அங்கே மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிக்கத் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாய். இங்கே உங்காச்சி விடிந்தபிறகும் போர்வையை விடமாட்டேன் என்கிறாள்.

முழங்கால் வலியால் உங்களை வந்து பார்க்க முடியவில்லை என்று அவளுக்கு மனத்தாங்கல். அதனால் வந்த நாளிலிருந்து ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பெரியவள் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று கேட்டாள். என் தோளைத் தொட்டுக் காட்டினேன். நம்பவில்லை. சின்னவன் சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பதைச் சொன்னதும், "அவன் அம்மை செய்யாததையா செய்யான்" என்று ஒரே சிரிப்பு. நீ ராத்திரி தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்வதையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அதிலும் ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரே இடத்தில் நின்று நின்று போகிறாய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்தத் தடவை சென்னையில் உங்களோடு இருந்தது எனக்கு நிறைந்துபோயிற்று. காலையில் பால்பாக்கெட் எடுக்கப் போகும்போது தம்பி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வருவான். "தாத்தா, நீங்க நிஜமாவே போஸ்ட்மேனா? அப்ப சைக்கிள் எங்கே?" என்று படி இறங்கும்போதெல்லாம் கேட்பான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது அவனுக்குப் புரியவே இல்லை. அதனால்தான் அந்தச் செருப்புப் பெட்டியில் தபால் ஆபீஸ் வைத்தோம். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, நீ அதில் ஊர்ப் பெயரைக் குடைந்தாய். எழுத்தைத் திருப்பிக் குடைந்தால்தான் முத்திரையில் நேராக விழும் என்று நான் சொல்லாமலேயே உனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் முத்திரை விழாத இடமே இல்லை. ஃபிரிட்ஜ், சுவர், உங்கப்பாவின் ஆபீஸ் பை, கடைசியில் சின்னவன் தன் தொப்புளிலேயே குத்திக்கொண்டான். உங்கம்மா கத்தினாள். கத்தட்டும். பேரப்பிள்ளைகள் கிறுக்கிய சுவரை நாலு நாள் அப்படியே விட்டு வைத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அந்த விளையாட்டில்தான் நீ எழுதிய உறையைப் பார்த்தேன். "ஆச்சி வீடு, அம்பாசமுத்திரம்" என்று மட்டும் எழுதியிருந்தாய். அம்பாசமுத்திரத்தில் உனக்கு மட்டும்தான் ஆச்சி இருக்கிறாளா, கண்ணு? உட்கார வைத்துப் பின்கோடு சொல்லிக் கொடுத்தேன் அல்லவா, மறந்துவிடாதே. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம்; புதுச்சேரியும் லட்சத்தீவும் அதில் சேர்த்திதான். முதல் மூன்றும் சேர்ந்து 627 என்றால் நம் நெல்லைப் பக்கம். கடைசி மூன்று, 401, எந்த ஆபீஸிலிருந்து பட்டுவாடா ஆகவேண்டும் என்பதற்கு. 1972 ஆகஸ்ட் 15 அன்றைக்கு இதைக் கொண்டுவந்தார்கள். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி யோசித்துச் செய்த ஏற்பாடு. அவர் சமஸ்கிருதத்தில் கவிதை எழுதுகிறவரும்கூட. ஒரே பெயரில் பல ஊர், ஒரே ஊரைப் பல எழுத்தில் எழுதுகிற நாடு இது. தமிழில் எழுதிய முகவரியை வடக்கே ஒருவர் படிக்க முடியாமல் போனாலும் அந்த ஆறு எண் கடிதத்தை ஊர்வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் ஊர்வாசலிலிருந்து வீட்டுவாசலுக்குப் போகத் தெருப்பெயரும் கதவு எண்ணும் வேண்டும். அதைத் தெளிவாக எழுது. உறையின் மறுபக்கம் உன் முகவரியையும் எழுது. அங்கே ஆள் இல்லை என்றால் கடிதம் உன்னிடமே திரும்பி வரவேண்டும். என் காலத்தில் இரண்டு பக்கமும் முகவரி சரியில்லாமல் போன கடிதங்களை ஆபீஸில் கட்டி அனுப்பும்போது கை கூசும். யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், யாரோ எதிர்பார்த்திருப்பார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

ஆச்சிக்கு நீங்கள் இருவரும் போட்ட கார்டு வந்துவிட்டது. நான் இங்கே வந்த பிறகுதான் வந்தது. நம் பக்கத்துத் தபால்காரப் பையன் வாசலில் நின்று, "ஆச்சி, மெட்ராஸ்லேர்ந்து பேரன் பேத்தி கார்டு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தான். 50 காசு கார்டு. அரையணா, காலணா என்று விலை மாறினாலும் 1879இல் இந்த நாட்டில் தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆச்சி அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தம்பி வரைந்த யானையை மாடு என்று சொன்னாள். அவனிடம் சொல்லிவிடாதே. இப்போது அது தார்சாவில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். படிக்காமல் யாருக்கும் காப்பி கிடையாது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், ராசாத்தி. அங்கே இருக்கும்போது சொல்லவில்லை. பிறத்தியார் முன்னால் பிள்ளையைக் கண்டிப்பது எனக்குப் பிடிக்காது. அப்புறம் சொல்லலாம் என்றால் நீ வந்து மடியில் தலைவைத்துப் படுத்துவிடுவாய். கடிதத்தில் என்றால் நீ இரண்டு தடவை படிப்பாய்.

கத்திரி வெயில் முடிகிற சமயம் ஒரு மத்தியானம், உனக்கு ஒரு பார்சல் வந்தது நினைவிருக்கிறதா? பென்சில் பெட்டியோ என்னவோ. காலையிலிருந்து போனில் அது எங்கே வருகிறது, எந்தத் தெருவில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. அந்தப் பையன் மூன்று மாடி ஏறி வந்து மணி அடித்தான். ஓடிபி சொல்லச் சொன்னான். போன் உன் கையில்தான் இருந்தது. நீ விளையாட்டில் இருந்தாய். "ஒரு நிமிஷம்" என்று உள்ளேயிருந்தே சொன்னாய். அப்புறம் இன்னொரு நிமிஷம். அவன் கதவுக்கு வெளியே, முதுகில் அந்தப் பெரிய பையோடு நின்றான். முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள அவனுக்கு உரிமையும் இல்லை. நீ போனில் எத்தனை நட்சத்திரம் போடுவாயோ, அது அவன் வேலையைத் தொடும். நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தான். "இன்னும் எத்தனை வீடுய்யா?" என்று கேட்டேன். "நாப்பது இருக்கும் தாத்தா" என்றான்.

நீ கெட்ட பிள்ளை இல்லை. பார்சலை வாங்கும்போது அவனுக்கு நன்றி சொன்னாய், நான் கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் வேலை இப்படித்தான். காலையில் ரயிலிலும் பஸ்ஸிலும் தபால் பை வந்து இறங்கும். அரக்கு முத்திரையை உடைத்துக் கொட்டி, பீட் பீட்டாக, அதாவது ஒவ்வொரு தபால்காரரும் சுற்றுகிற பகுதிவாரியாகப் பிரிப்போம். பிறகு ஒவ்வொருவரும் தன் பீட்டுக்கு உரியதைத் தெரு வரிசைப்படி அடுக்க வேண்டும். எந்த வீடு முதலில், எந்த வீடு கடைசியில் என்று கை தானாகவே அடுக்கும். வரிசை ஒரு தடவை அமைந்துவிட்டால் கடைசி வீட்டுக்காரருக்கு எத்தனை மணிக்குக் கடிதம் கிடைக்கும் என்பது முன்னால் இருக்கிற வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது. ஒரு வீட்டில் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடப் பேனா தேடுவார்கள். இன்னொரு வீட்டில், குளித்துக்கொண்டிருக்கிறார், நில்லுங்கள் என்பார்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான். ஆனால் அந்த நிமிஷங்கள் எல்லாம் சேர்ந்து கடைசி வீட்டில் ஒரு மணி நேரமாகப் போய் இறங்கும். அந்தக் கடைசி வீட்டுக்காரரை முன்வீட்டுக்காரர்கள் பார்த்ததே கிடையாது. நீ அன்றைக்கு நிறுத்தி வைத்தது அந்தப் பையனை மட்டும் இல்லை, கண்ணு. அவனுக்குப் பின்னால் நாற்பது வாசல்.

என் பீட்டின் கடைசிப் பக்கம் பிரம்மதேசம். அங்கே பழைய வளவு ஒன்றில் ஒரு அம்மா இருந்தாள். மகன் ராணுவத்தில். அவன் கடிதத்தில் ஊர்ப் பெயரே இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்று மட்டும் இருக்கும். ராணுவத்துக்கு அப்படித்தான், எங்கே இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது. அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த எண்ணின் வடிவம் தெரியும். உறையைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். மற்ற நாளில் என்னைப் பார்த்து "லெட்டர் வந்திருக்கா" என்று அவள் கேட்டதே இல்லை. "வாய்யா, வெயில்ல வாறியே, நீச்சத்தண்ணி குடிக்கியா?" என்றுதான் கேட்பாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். இல்லை என்பதை என் முகத்திலேயே படித்துக்கொள்வாள். சின்ன வெங்காயத்தோடு நீச்சத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பாள். கடிதம் வராத நாளில் அதைக் குடிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். குடிக்காமல் போனால் அவளுக்குக் கஷ்டம். குடித்துவிடுவேன்.

மணியார்டர் வந்தால் தனி. ஃபாரத்தின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு உண்டு. பணம் அனுப்புகிறவர் அதில் இரண்டு வரி எழுதலாம். பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தச் சீட்டைக் கிழித்து அவர்களிடம் தரவேண்டும். அந்த அம்மா பணத்தை எண்ண மாட்டாள். சீட்டைத்தான் முதலில் நீட்டுவாள், படிக்கச் சொல்லி. "நான் நலம். மழைக்கு முன்னால் ஓடு மாற்றவும்." அவ்வளவுதான் இருக்கும். இரண்டாம் தடவையும் படிக்கச் சொல்வாள். படிப்பேன். பின்னால் எனக்கு எத்தனை வீடு பாக்கி என்பது தெரிந்தாலும் படிப்பேன். பணத்தைவிட அந்த இரண்டு வரிக்குத்தான் அவள் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாள்.

வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு உத்தரவுக்காகக் காத்திருந்த பையன்களும் உண்டு. ஒரு வீட்டில் அப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை, மகன் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருப்பான். பை பிரிக்கிற நேரத்துக்கு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான். உள்ளே வந்து கேட்க வெட்கம். யாரையோ பார்க்க வந்த மாதிரி அரசமரத்தடியில் நிற்பான். அவன் பெயருக்கு அரசாங்க உறை வந்த அன்றைக்கு நான் வரிசையைக் கலைத்துவிட்டேன். அவனுக்குத்தான் முதல் பட்டுவாடா, மரத்தடியிலேயே. இது தபால் விதிக்குச் சரியா என்று உங்கப்பா கேட்டார். சரிதான் என்றேன். இப்போதும் சரி என்றே நினைக்கிறேன்.

அந்த வேலையில் பாதி இப்போது இல்லை. தந்தியை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். 1880இல் தொடங்கிய பழைய மணியார்டர் 2015இல் போயிற்று. பதிவுத் தபாலையும் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உன்னிடம் சொல்ல வந்தது அந்த வருத்தம் இல்லை. இத்தனை வருஷம் வாசல் வாசலாக நின்றதில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒரு மனுஷியைக் காக்க வைப்பது கஷ்டம் என்றால், இன்னும் எத்தனை நாள் என்று தெரியாமல் காக்க வைப்பது பெரிய கஷ்டம். அதிலேயே பாதி உயிர் போய்விடும். அடுத்த வாரம் வரும் என்று தெரிந்தால் அந்தப் பிரம்மதேசத்து அம்மா வேறு வேலை பார்ப்பாள், தூங்குவாள்.

உங்கம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் உன் வயதில் இருக்கும்போது சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து என் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருப்பாள். சாதாரண நாளில் வெயில் சாயும் முன்னால் வந்துவிடுவேன். பொங்கல் சமயத்தில் அப்படி முடியாது. அந்தக் காலத்தில் பொங்கல் வாழ்த்து என்றால் மூட்டை மூட்டையாக வரும். நடிகர் படம் போட்டது, ஜிகினா ஒட்டியது, கரும்பும் பானையும் வரைந்தது என்று எத்தனையோ விதம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு. இருட்டின பிறகும் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருப்போம். வீட்டில் போன் கிடையாது. ஆனாலும் நம் தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறவரை வழியில் பார்த்தால் நிறுத்தி, "எனக்கு எட்டு மணி ஆகும், பிள்ளையைச் சாப்பிட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புவேன். அவர் இல்லாவிட்டால் பூக்காரம்மா. யாராவது ஒருத்தர் நம் தெருப் பக்கம் போகாமலா இருப்பார்கள்? உங்கம்மா படுக்க மாட்டாள், அது வேறு விஷயம். ஆனால் எட்டு மணிவரை பயப்படாமல் உட்கார்ந்திருப்பாள்.

நான் சென்னையில் இருந்தபோது ஒன்று பார்த்தேன். பாட்டு வகுப்பு முடிந்து நீ வர வேண்டிய நேரம் தாண்டினால் உங்கம்மா வேலையைப் போட்டுவிட்டு பால்கனிக்குப் போவாள். துணி எடுக்கிற மாதிரி எடுப்பாள். ஏற்கெனவே எடுத்த துணியைத்தான் மறுபடியும் மடிப்பாள். நீ தெருமுனையில் சிநேகிதியோடு நின்று பேசிக்கொண்டிருப்பாய். பேசு, வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அந்த வயதில் பேசாமல் எப்போது பேசுவது? உன் கையில்தான் போன் இருக்கிறதே. "பத்து நிமிஷம் ஆகும்மா" என்று ஒரு வரி. பால்காரரைத் தேட வேண்டியதில்லை, பூக்காரம்மாவைத் தேட வேண்டியதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அடுக்களையிலிருந்து அவள் கூப்பிட்டால் முதல் தடவை உனக்குக் கேட்காது. இரண்டாம் தடவையும் கேட்காது. மூன்றாம் தடவை அவள் குரல் உயர்ந்தபிறகு, "ஏன் கத்துறே?" என்று கேட்கிறாய். என் கண்ணே, உடனே எழுந்து ஓடு என்று நான் சொல்லவில்லை. கையில் ஒரு வேலை இருக்கும், கதையின் நடுவில் இருப்பாய். "வர்றேம்மா, இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு" என்று ஒரு குரல் கொடு. குரல் வந்துவிட்டால் அவள் மறுபடியும் அடுப்பைப் பார்ப்பாள். குரல் வராவிட்டால், தோசையைக் கல்லில் விட்டுவிட்டு வாசற்படிவரை வந்து எட்டிப் பார்க்க வேண்டும். நேற்று உனக்குத் தோசை கருகிப்போயிருந்தால் எதனால் என்று இப்போது தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனதில் நிற்பது தம்பிதான். ஒரு நாள் சாயங்காலம் அவன் கேரம் போர்டை இழுத்துப் போட்டு, காய்களை அடுக்கி, சிவப்பை நடுவில் வைத்து, பவுடரும் தூவிவிட்டு உட்கார்ந்திருந்தான். நீ "அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. அப்புறம் என்றால் எப்போது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஆடுகிறேன் என்றேன். "வேண்டாம் தாத்தா, அக்கா வருவா" என்றான். கொஞ்ச நேரம் கழித்துக் காய்களை மறுபடி அடுக்கினான். வரிசை கலையவே இல்லை, ஆனாலும் அடுக்கினான். கடைசியில் போர்டின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான். தூக்கிப் படுக்க வைத்தபோது கன்னத்தில் பவுடரும் ஒரு வெள்ளைக் காயும் ஒட்டியிருந்தன. காலையில் எழுந்ததும் உன்மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. உன் பின்னாலேயே சுற்றினான். அந்த வயதில் மறந்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் மறக்க மாட்டார்கள், கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அதுதான் எனக்குப் பயம். அக்காவும் தம்பியும் கடைசிவரை ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் காலத்துக்குப் பிறகும், உங்கப்பா அம்மா காலத்துக்குப் பிறகும் உனக்கு அவன், அவனுக்கு நீ.

அதனால் அவனிடம் சொல்லும்போது அவனுக்குப் புரிகிற மாதிரி சொல். பெரிய முள் ஆறுக்கு வரும்போது வருகிறேன் என்று கடிகாரத்தைக் காட்டு. வந்துவிடு. முடியாது என்றால் இன்றைக்கு முடியாது என்று அப்போதே சொல்லிவிடு. அழுவான், அழுதுவிட்டு அம்மாவோடோ அப்பாவோடோ ஆடுவான். ஒரு ஆட்டம் பத்து நிமிஷம்தான். இதில் அவனுக்கு மணி பார்க்கவும் வந்துவிடும், உங்கம்மாவுக்கு ஒரு வேலை மிச்சம்.

இரவல் புத்தகத்தை மட்டும் நாளைக்கே திருப்பிக் கொடு. உன் மேஜையில் சிநேகிதி பெயர் எழுதிய புத்தகம் ஒன்று தூசியோடு இருக்கிறது. பார்த்துவிட்டேன். அவளும் காத்திருப்பாள்.

போன் விஷயம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று ஆச்சி சனிக்கிழமை ராத்திரியே போனுக்குச் சார்ஜ் போட்டுவிடுவாள். காலையில் குளித்துவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு, வீடியோவில் பின்னால் கலைந்த துணி எதுவும் தெரியக்கூடாது என்று நாற்காலியைத் திருப்பிப் போடுவாள். உனக்குப் பரீட்சை இருக்கும், வெளியே போக வேண்டியிருக்கும். பேச முடியாத வாரத்தில் "இன்னைக்கு முடியாது ஆச்சி, புதன்கிழமை பேசுறேன்" என்று அவளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பு. அவள் அதையே புதன்கிழமைவரை போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கேட்கப் போகிறவன் நானும்தான். அனுப்பினதை அவள் பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு வரும். பதில் எழுத அவளுக்கு நேரமாகும். கண்ணாடியைத் தேட வேண்டும், எழுத்தைத் தேட வேண்டும். "சரி கண்ணு" என்ற இரண்டு சொல்லுக்குள் அவள் மூன்று தடவை அழித்து எழுதுகிறாள். நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆச்சி பக்கத்தில் நின்று சொல்கிறாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போகிறாயாம். இட்லி பிடிக்கவில்லை என்றாயாம். நம் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கிய அம்பை 16 அரிசியில்தான் பாதித் தமிழ்நாடு இட்லி சுடுகிறது, அம்பாசமுத்திரத்துப் பேத்தி இட்லி வேண்டாம் என்றால் ஊருக்கே அவமானம் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

அரைப்பரீட்சை லீவுக்கு நீங்கள் இங்கே வரவேண்டும். மார்கழியில் ஆறு தெளிந்து ஓடும். திருப்புடைமருதூருக்குக் கூட்டிப்போகிறேன். கோயில் கோபுரத்துக்குள் ஒவ்வொரு நிலையிலும் ஓவியமும் மரச்சிற்பமும் இருக்கும். வெளியே ஆற்றங்கரை மருதமரங்களில் நாரைகளும் கொக்குகளும் வந்து அடையும். 2005இல் அதைப் பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். தம்பியை அங்கே கத்தாமல் இருக்கச் சொல்லிப் பழக்கு, நீயும் பழகு. டிக்கெட் இப்போதே போட்டால்தான் கிடைக்கும் என்று உங்கப்பாவிடம் சொல்.

கல்லிடைக்குறிச்சி அப்பளமும் ஆச்சி இடித்த பருப்புப் பொடியும் ஒரு பெட்டியில் கட்டி, நேற்று தபாலில் போட்டிருக்கிறேன். வியாழனோ வெள்ளியோ வரும். பெட்டி கனமாக இருக்கும். லிஃப்ட் ஓடாவிட்டால் கீழேயே போய் வாங்கிக்கொள். கொண்டுவருகிறவருக்குத் தண்ணீர் கொடு, பேனா வாசல் பக்கமே இருக்கட்டும்.

உங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் ஆசிகள். அம்மாவை நேரத்துக்குத் தூங்கச் சொல்.

அன்புடன்,
உன் தாத்தா.

பி.கு: தம்பிக்குத் தனியாக ஒரு கார்டு எழுதியிருக்கிறேன். அதை நீ படித்துச் சொல்லிவிடாதே. அவனே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். அரைமணி நேரம் ஆகும், 'ழ' வந்தால் நின்றுவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்திரு.